ஒரு லேப்டாப்புக்கு எத்தனை ஆன்டிவைரஸ்?

பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று குமரி மாவட்டத்துக் கணினிக் கடைகள் நிரம்பிவிடும். பிள்ளைக்கு முதல் லேப்டாப். வளைகுடாவில் இருக்கும் தாய்மாமா பாதிப் பணம் அனுப்பியிருப்பார். மீதிக்கு மாதத் தவணை. வீட்டுக்குக் கொண்டுவந்து விண்டோஸ் 11-ஐத் திறந்தால், தயாரிப்பு நிறுவனமே ஏற்றி அனுப்பிய மெக்காஃபியோ நார்ட்டனோ ஏதாவது ஓர் ஆன்டிவைரஸ் முதல் ஆளாக வந்து நிற்கும். அது பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான இலவசப் பதிப்பு. கடையில் பில்லோடு சேர்த்துக் கொடுத்த பெட்டியில் குயிக் ஹீலோ கே7 நிறுவனத்தின் மென்பொருளோ இருக்கும். "அண்ணாச்சி, இது கட்டாயம் வேண்டுமா?" என்று கேட்டால், "போட்டுவையுங்கள், ஒரு வருடத்துக்குக் கவலை இல்லை" என்பார் கடைக்காரர். போதாததற்கு, "இதுவும் கிடக்கட்டும் மக்கா" என்று பெரியம்மா மகன் இலவச அவாஸ்ட் ஒன்றையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போவான். இவை எல்லாவற்றுக்கும் முன்பே டிஃபெண்டர் என்ற மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸ் விண்டோஸுக்குள் இருக்கிறது என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

ஒரு வாரத்தில் லேப்டாப் முனகத் தொடங்கும். விசிறி ஓயாது. ஒரு சாதாரண வேர்டு கோப்பு திறப்பதற்குள் பொறுமை போய்விடும். வங்கித் தளம் திறக்க மறுக்கும். "புது லேப்டாப்பே இந்த லட்சணமா?" என்று கடைக்காரர்மீது கோபம் வரும். வன்பொருளில் குறை எதுவும் இருக்காது.

ஒரு கணினியில் எந்நேரமும் விழித்திருக்கும் ஆன்டிவைரஸ் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவதைச் சேர்த்தால் பாதுகாப்பு அதிகரிக்காது. பல நேரங்களில் குறையும். எந்த ஒன்றை வைத்துக்கொள்வது என்ற கேள்விக்குப் போகும் முன், ஏன் ஒன்று என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எளிது.

உள்ளே என்ன நடக்கிறது

ஆன்டிவைரஸ் இரண்டு வேலைகளைச் செய்கிறது. நாம் கேட்கும்போது மட்டும் எழுந்து, வட்டு முழுவதையும் அலசிவிட்டு மறுபடி தூங்கப்போவது ஒன்று. நாம் கேட்காமலே, ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும் கணத்தில் குறுக்கே நின்று சோதிப்பது மற்றொன்று. இதை நிகழ்நேரப் பாதுகாப்பு என்கிறார்கள். மோதல் வருவது இந்த இரண்டாவது வேலையில்தான்.

மகள் தன் ப்ராஜெக்ட் அறிக்கையை இரண்டு முறை கிளிக் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வேர்டு தானாகப் போய் வட்டிலிருந்து கோப்பை எடுத்துவிட முடியாது. அது விண்டோஸிடம் கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கை விண்டோஸின் மையப் பகுதியான உட்கருவில் (கெர்னல்) ஃபில்டர் மேனேஜர் என்ற பகுதியைக் கடந்துதான் வட்டுக்குப் போகும். ஆன்டிவைரஸ்கள் தங்கள் சிறு நிரலை அங்கேதான் பொருத்திவைக்கின்றன. எது முன்னால், எது பின்னால் என்று குழப்பம் வராமல் இருக்க, அப்படிப் பொருத்தப்படும் ஒவ்வொரு நிரலுக்கும் மைக்ரோசாஃப்ட் ஓர் எண் ஒதுக்குகிறது. அந்த எண்ணுக்கு 'உயரம்' என்று பெயர். ஆன்டிவைரஸ்களுக்கான உயரங்கள் 3,20,000-இல் தொடங்குகின்றன. எண் பெரிதாக இருப்பவருக்குக் கோரிக்கை முதலில் போகும்.

இப்போது இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால்? மேலே இருப்பது கோரிக்கையைப் பிடித்து நிறுத்துகிறது. சோதிக்க வேண்டுமானால் அது கோப்பைப் படித்துப் பார்க்க வேண்டும். படிக்கப் போனால், கீழே இருக்கும் மற்றொன்று, 'யாரோ கோப்பைத் திறக்கிறார்கள்' என்று அதையும் பிடித்து நிறுத்தித் தன் சோதனையைத் தொடங்குகிறது. களியக்காவிளை எல்லையில் இரண்டு சோதனைக்காரர்கள் ஒரே லாரியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தார்ப்பாயை அவிழ்க்க, மற்றவர் அவிழ்த்தவரையே யார் என்று விசாரிப்பது போன்ற நிலை. நல்லபடியாகப் போனால் நேரம் இரட்டிப்பாகும். கெட்டபடியாகப் போனால், 'நீ முடித்தால்தான் நான்' என்று இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக்கிடக்க, திரை உறைந்துவிடும். விண்டோஸ் தொடங்கும்போது பின்னணியில் ஆயிரக்கணக்கான கோப்புகள் திறக்கப்படுகின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், காலையில் லேப்டாப் எழுந்திருக்க ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்பது புரிந்துவிடும்.

உண்மையான வைரஸ் ஒன்று வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஆன்டிவைரஸ்களைச் சோதிப்பதற்கென்றே ஐக்கார் என்ற ஐரோப்பிய அமைப்பு 68 எழுத்துகள் கொண்ட ஒரு சோதனைக் கோப்பை வெளியிட்டிருக்கிறது. அதில் தீங்கு எதுவும் இல்லை. ஆனாலும் அதை வைரஸாகவே நடத்துவது என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒரு கோப்பை இரண்டு ஆன்டிவைரஸ்களும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தால், ஒன்று அதைத் தனிமைப்படுத்தப் பூட்டும். மற்றொன்று அதை அழிக்கப் போய், பூட்டியிருப்பதால் முடியாமல் திரும்பும். 'அகற்றப்பட்டது' என்று ஓர் அறிவிப்பு, 'அகற்ற முடியவில்லை' என்று அடுத்த அறிவிப்பு. எதை நம்புவது? கணினியில் வைரஸ் இருக்கிறதா, இல்லையா என்ற ஒரே கேள்விக்குத்தான் ஆன்டிவைரஸ் வாங்கினோம். அதற்கே இரண்டு பதில் வந்தால் வாங்கியதற்குப் பொருள் இல்லை.

வங்கித் தளம் திறக்காத கதையும் இதோடு தொடர்புடையதே. பூட்டுச் சின்னம் உள்ள தளங்களில் வரும் தகவல் நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டே வருகிறது. அதையும் எட்டிப்பார்க்க விரும்பும் சில ஆன்டிவைரஸ்கள், உலாவிக்கும் தளத்துக்கும் நடுவே, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழுக்குப் பதிலாகத் தங்கள் சொந்தச் சான்றிதழை வைத்துக்கொள்கின்றன. நடுவில் ஓர் ஆள் என்றாலே நெருடல். இருவர் நின்றால், உலாவி சந்தேகப்பட்டு 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று கதவைச் சாத்திவிடக்கூடும்.

இந்த மென்பொருள்கள் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதை உலகம் இரண்டு முறை நன்றாகப் பார்த்திருக்கிறது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று எண்ணித் தூக்கிவிட்டது. எண்ணற்ற கணினிகள் தொடங்காமல் நின்றன. 2024 ஜூலை 19 அன்று, நிறுவனங்களுக்கான கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளில் வந்த பிழையால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தது அன்றுதான். இரண்டு சம்பவங்களிலும் தவறு செய்தது ஒரே ஒரு மென்பொருள். அந்த ஆழத்தில் இரண்டை உட்காரவைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும், மற்றவை ஒதுங்காது

புதியவர்கள் குழம்பும் இடம் இது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வெளி நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் ஒன்றை நிறுவினால், அது விண்டோஸிடம் தன் பெயரைப் பதிவு செய்துகொள்ளும். அதைப் பார்த்ததும் டிஃபெண்டர் தன் நிகழ்நேரப் பாதுகாப்பை நிறுத்திவிட்டுப் பின்வாங்கிவிடும். ஆகவே 'டிஃபெண்டரும் இருக்கிறது, கே7 நிறுவனத்தின் மென்பொருளும் இருக்கிறது' என்பதால் மட்டும் பயப்பட வேண்டாம். ஆனால் மெக்காஃபியும் கே7 மென்பொருளும் சேர்ந்து இருந்தால், 'ஒன்று போதும்' என்று சொல்லி விண்டோஸ் எதையும் வெளியேற்றாது. சில நிறுவல் நிரல்கள் மற்றொன்றைக் கண்டால் 'முதலில் அதை நீக்கு' என்று கேட்கும். அவசரத்தில் அதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொரு பொறி, வெள்ளோட்டக் காலம் முடிவது. லேப்டாப்போடு வந்த ஆன்டிவைரஸின் இலவசக் காலம் ஒருநாள் முடியும். அதன்பின் புதிய வைரஸ்களின் அடையாளங்கள் அதற்கு வராது. ஐகான் மட்டும் மூலையில் இருக்கும். வீட்டில் எல்லாரும் அதுதான் காவல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு ஆன்டிவைரஸ் மோதுவதைக் காட்டிலும் இதை நான் ஆபத்தானது என்பேன். மோதல் இருந்தால் கணினி தொல்லை கொடுத்துக் காட்டிக்கொடுத்துவிடும், இதில் வரும் அறிவிப்பைப் பலரும் படிக்காமல் மூடிவிடுவார்கள். காலம் முடிந்ததை விட்டுவைக்காமல் முழுமையாக நீக்கிவிட வேண்டும். நீக்கியதும் டிஃபெண்டர் தானாக எழுந்துகொள்ளும்.

உங்கள் கணினியில் இப்போது யார் காவல் என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறக்க வேண்டும். இடப்பக்கம் கீழே பல்சக்கரச் சின்னம் இருக்கும். அதை அழுத்தினால் 'மேனேஜ் ப்ரொவைடர்ஸ்' என்ற வரி தெரியும். அதற்குள் ஆன்டிவைரஸ் என்ற தலைப்பின்கீழ் பதிவு செய்துகொண்ட எல்லாப் பெயர்களும், எது இயங்குகிறது, எது அணைந்திருக்கிறது என்பதும் இருக்கும். இரண்டு வெளிப் பெயர்கள் இயங்குவதாகக் காட்டினால் பிரச்சினை அகப்பட்டுவிட்டது.

எதை வைத்துக்கொள்வது

கல்லூரிப் பிள்ளையின் லேப்டாப், வீட்டுக் கணினி, ஆசிரியர் பாடம் தயாரிக்கும் கணினி என்றால் என் பதில் டிஃபெண்டர். காசு இல்லை, காலக்கெடு இல்லை, 'புதுப்பிக்கவும்' என்று தொந்தரவு செய்யும் அறிவிப்பு இல்லை.

'விண்டோஸோடு வருவது எதற்கும் உதவாது' என்று கடைகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பழைய உண்மையைச் சொல்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2004 டிசம்பரில் ஜயன்ட் என்ற சிறு நிறுவனத்தை வாங்கியது. அதன் மென்பொருளிலிருந்து 2006-இல் வந்த டிஃபெண்டர் உளவு நிரல்களை மட்டுமே பிடித்தது. முழு ஆன்டிவைரஸாக அது மாறியது 2012-இல், விண்டோஸ் 8-இல்தான். ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரில் ஏவி-டெஸ்ட் என்ற சுயேச்சையான சோதனைக்கூடம் இருக்கிறது. பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு வசதி என்று மூன்றுக்கும் தலா 6 புள்ளி போடும். 2012 வாக்கில் மைக்ரோசாஃப்டின் இலவச ஆன்டிவைரஸ் அங்கே சான்றிதழையே இழந்தது. அந்தக் கெட்ட பெயர் இன்றுவரை கடைத்தெருவில் உயிரோடு இருக்கிறது. ஆனால் அண்மை ஆண்டுகளில் அதே சோதனைக்கூடத்தில் டிஃபெண்டர் விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களோடு ஒரே வரிசையில் நிற்கிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் இருக்கும் ஏவி-கம்பேரடிவ்ஸ் சோதனைகளையும் சேர்த்துப் பார்க்கலாம். யாரோ யூடியூபில் சொன்னதைக் காட்டிலும் இந்த இரண்டும் நம்பத் தகுந்தவை.

அப்படியானால் காசு கொடுத்து வாங்குவது வீணா? அப்படிச் சொல்ல மாட்டேன். சிக்கல் வந்தால் போனில் அழைத்துப் பேச ஓர் ஆள் வேண்டும் என்பவர்களுக்கு, சின்னப் பிள்ளைகள் கணினியில் எதைப் பார்க்கிறார்கள் என்பதை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்த விரும்புகிறவர்களுக்கு, ஒரே உரிமத்தில் வீட்டின் எல்லாச் சாதனங்களையும் அடக்க நினைப்பவர்களுக்கு அது பயன்படும். நம் நாட்டிலேயே சென்னையில் கே7, புனேயில் குயிக் ஹீல் என்று பல ஆண்டு அனுபவமுள்ள நிறுவனங்கள் இருக்கின்றன. கடையில் கொடுத்த பெட்டிக்கு நீங்கள் பணம் கொடுத்தாகிவிட்டது என்றால், தாராளமாக அதையே ஒற்றைக் காவலாக வையுங்கள். மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். பெட்டி பிரிக்கப்படாமல் இருந்தால், உரிமக் காலம் பொதுவாக அதிலுள்ள உரிம எண்ணைப் பதிவு செய்யும் நாளிலிருந்துதான் தொடங்கும். பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு, தேவைப்படும் உறவினருக்குக் கொடுத்துவிடலாம்.

இலவச வெளி ஆன்டிவைரஸ்கள்மீது எனக்கு மதிப்பு குறைவு. அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்ற தகவலைத் துணை நிறுவனம் ஒன்றின் வழியாக விற்றது வெளியே தெரிந்து, 2020-இல் அந்தத் துணை நிறுவனத்தை மூட வேண்டியதாயிற்று. 2024-இல் அமெரிக்க வணிக ஆணையம் அதற்காக 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. இன்னொரு வேடிக்கை: நார்ட்டனா, அவாஸ்டா, ஏவிஜியா, அவிராவா என்று நண்பர்கள் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். 2022-இல் நார்ட்டனும் அவாஸ்டும் இணைந்த பிறகு இந்த நான்கும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம்.

அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் இந்த ஆலோசனை எதுவும் பொருந்தாது. அங்கே எது இருக்கிறதோ அதைத் தொடாதீர்கள்.

நீக்குவதில் ஓர் ஒழுங்கு

வேண்டாத ஆன்டிவைரஸின் ஐகானை டெஸ்க்டாப்பிலிருந்து அழித்துவிட்டால் அது போய்விடாது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், நிறுவப்பட்டவற்றின் பட்டியலில் அதன் பெயரைத் தேடி, அன்இன்ஸ்டால் கொடுக்க வேண்டும். 'போகாதீர்கள், பாதி விலைக்குத் தருகிறோம்' என்று கெஞ்சும் பக்கங்கள் வரும், கடந்து போங்கள். ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் கணினியை ரீஸ்டார்ட் செய்வது அவசியம். உட்கருவில் பொருத்திய நிரல் இயங்கிக்கொண்டிருக்கும்போது முழுதாகக் கழன்று வராது. அடுத்த தொடக்கத்தில்தான் போகும்.

அதன்பிறகும் எச்சம் இருந்தால், மெக்காஃபி, நார்ட்டன், அவாஸ்ட் ஆகியவை தங்களுடையதை முழுமையாக நீக்குவதற்கென்றே தனிக் கருவிகளைத் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கின்றன. அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் 'இலவச நீக்கி' விளம்பரங்களைத் தொட வேண்டாம். ஒன்றை விரட்டப் போய் இன்னொன்றைக் கூட்டிவந்த கதையாகிவிடும். எல்லாம் முடிந்ததும் மறுபடி 'மேனேஜ் ப்ரொவைடர்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். ஒரு பெயர் மட்டும் இயங்க வேண்டும். பிறகு அப்டேட் கொடுத்து, ஒரு விரைவு ஸ்கேன்.

பேச்சிப்பாறை, திற்பரப்புப் பக்கம் மலையோரத்தில் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி லேப்டாப் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். டேட்டாவை மிச்சப்படுத்த அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்துவைத்திருந்தால் அப்டேட்டுகள் தள்ளிப்போகலாம். நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வரும்போது கையால் ஒருமுறை அப்டேட் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது கருத்து கேட்க ஆசை இருந்தால் அதற்கு வழி உண்டு. நாம் கேட்கும்போது மட்டும் எழும் ஸ்கேனர்கள் காவலுக்கு நிற்பதில்லை, அதனால் மோதுவதும் இல்லை. மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனர் அப்படிப்பட்டது. இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகிவிடும். அடுத்த முறை புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும். நம் அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இதுபோன்ற இலவச நீக்கும் கருவிகள் கிடைக்கின்றன.

ஆன்டிவைரஸுக்கு வெளியே

வடசேரியிலோ கோட்டாறிலோ ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைச் செருகி அறிக்கையை அச்செடுத்துத் திரும்பும் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டில் வந்து திறந்தால் 'ப்ராஜெக்ட்' என்ற அதே மஞ்சள் ஃபோல்டர் இருக்கும். உற்றுப்பார்த்தால் அதன் இடது கீழ் மூலையில் ஒரு சின்ன வளைந்த அம்பு தெரியும். அளவு ஓரிரண்டு கேபி மட்டும். அது ஃபோல்டர் இல்லை, ஷார்ட்கட். உண்மையான ஃபோல்டரை ஒளித்துவிட்டு, அதன் பெயரில் வைரஸ் தன்னை இயக்கும் இணைப்பை வைத்திருக்கிறது. அதைக் கிளிக் செய்யாமல், பென் டிரைவின்மேல் ரைட் கிளிக் செய்து முதலில் ஸ்கேன் கொடுங்கள். பிறகு கோப்பு உலாவியின் வியூ பகுதியில் மறைந்திருப்பவற்றைக் காட்டச் சொன்னால் உங்கள் ஃபோல்டர் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். வைரஸ் அதைக் கணினியின் சொந்தக் கோப்பாகக் குறித்துவைத்திருந்தால், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் பாதுகாக்கப்பட்ட கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடுவது கெட்ட பழக்கம். 2017 மே மாதம் உலகைக் கலக்கிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற வைரஸுக்குரிய திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. அதை நிறுவாதவர்கள்தான் மாட்டினார்கள்.

கடைசியாக, ஆன்டிவைரஸை நீக்கிய பிறகும் 'உங்கள் மெக்காஃபி காலாவதியாகிவிட்டது, 5 வைரஸ்கள் உள்ளன' என்று திரையின் மூலையில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தால், அதை அனுப்புவது மெக்காஃபி அல்ல. எப்போதோ ஏதோ ஒரு தளத்தில் கேட்ட கேள்விக்கு 'அலோ' அழுத்தியிருப்பீர்கள். அந்தத் தளம்தான் உலாவி வழியாக அனுப்புகிறது. குரோமின் செட்டிங்ஸில் தள அனுமதிகளுக்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தைத் திறந்து, பெயர் தெரியாத தளங்களை எல்லாம் நீக்கினால் நின்றுவிடும். அப்படி வந்த அறிவிப்பில் உள்ள எண்ணை அழைத்து யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறார்களோ, பணம் மேற்கொண்டு கைமாறுவதற்குள் அதை வங்கியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.